நாலு மூடி ஆயில்

அக்டோபர் 12, ஞாயிறு

மெஷின் போய்விட்டது. நேற்று மதியம் தைலமரக் காட்டில் அறுத்துக்கொண்டிருக்கும்போதே நின்றதாம். அதன் பிறகு ஸ்டார்ட் செய்யும் கயிற்றை எத்தனை முறை இழுத்தும் அசையவில்லை. இன்று காலை அண்ணன் அதை ஆலங்குடிக்கு எடுத்துப்போனான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொள்ள நான் போனேன்.

மெக்கானிக் சகாயம் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

“என்ன முத்துவீரா, பிஸ்டன் பூரா கீறல். ஆயில் கலக்காம ஓட்டியிருக்க.”

“ஆமா. அவசரத்துல வெறும் பெட்ரோல ஊத்திப்புட்டேன்.”

“யாரு, நீயா? ஏழு வருசமா மெஷின் புடிக்கிற ஆளு?”

“ஆளுன்னா மறக்கமாட்டானா?”

நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இன்னும் செப்டம்பர் மாதம்தான் இருந்தது.

மரம் அறுக்கும் இந்த மெஷினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலிலேயே கலக்க வேண்டும், லிட்டருக்கு நாற்பது மில்லி. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பழைய இருமல் மருந்து மூடி இருக்கிறது. பத்து மில்லி பிடிக்கும். நாலு மூடி. மூன்று மாதமாக அதைக் கலந்து கேனில் ஊற்றி வைப்பது நான்தான். அதைச் சகாயத்திடம் அண்ணன் சொல்லவில்லை.

சரிசெய்ய ஆகும் செலவில் பாதி மெஷின் வாங்கிவிடலாமாம். புதிதாகவே வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. வரும் வழியில் அண்ணன் சொன்னான்: “பாப்பா, நீ நெட்டுல பாத்து ஒரு பட்டியல் போடு. பவரு, வெயிட்டு, வெல. மூணும் இருக்கணும். மழைக்கு முன்னாடி அந்த ஆறு ஏக்கரா முடியணும். அழகர்சாமி விடமாட்டாரு.”

அழகர்சாமி என்பவர் மரம் குத்தகைக்கு எடுப்பவர். மழை இறங்கி விட்டால் காட்டுக்குள் லாரி போகாது.

வீட்டுக்கு வந்ததும் பெட்ரோல் கேனை சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்வு. மேற்பார்வை முடிந்து ஆசிரியர் அறைக் கணினியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். தமிழாசிரியை எதற்கு மரம் அறுக்கும் மெஷின் படங்களைப் பார்க்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது நிம்மதி.

நிறத்தை வைத்துப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

ஆரஞ்சு: 59 சிசி. நாலு குதிரைச் சக்திக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து கிலோ அறுநூறு. முப்பத்தெட்டாயிரம்.

சிவப்பு: 35 சிசி. இரண்டு குதிரைச் சக்தி. நாலு கிலோ இருநூறு. இருபத்தோராயிரம்.

மஞ்சள்: 58 சிசி என்கிறார்கள். ஆறரைக் கிலோ. ஏழாயிரத்து ஐந்நூறு. எந்த ஊரில் செய்தது என்றே போடவில்லை.

இந்த எடைகள் எல்லாம் வாளும் செயினும் மாட்டாமல், பெட்ரோல் ஊற்றாமல் நிறுத்த எடை. அதாவது எதையும் அறுக்க முடியாத நிலையில் மெஷினின் எடை. மாட்டி ஊற்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைக் கிலோ கூடும். அதைச் சிறிய எழுத்தில் அடியில் போட்டிருக்கிறார்கள்.

நாலாவதாக ஒரு பத்தி சேர்த்தேன்: அதிர்வு. கைப்பிடியில் எவ்வளவு அதிர்கிறது என்று ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் எண் இருக்கிறது. மஞ்சளுக்கு இல்லை. அண்ணன் இதைக் கேட்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

பட்டியலைக் காட்டினேன். அண்ணன் காகிதத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பிடித்துப் படித்தான்.

“ஆரஞ்சு கனமா இருக்கும்போல. சிவப்பு சும்மா கொப்பு கழிக்கத்தான் ஆகும். மஞ்ச ஒரு மாசம் தாங்காது. இன்னும் ரெண்டு மூணு பாரேன்.”

அண்ணி பூங்கோதை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “சிவப்பு எத்தன கிலோ?”

“நாலே கால் அண்ணி. எல்லாம் மாட்டுனா அஞ்சேமுக்கால்.”

“ம்.”

அண்ணியும் அதே காட்டில்தான் வேலை செய்கிறாள். அண்ணன் சாய்த்துப்போடும் மரத்துக்குப் பட்டை உரிப்பாள். இந்த ஒரு வாரம் அவளுக்கும் வேலை இல்லை.

அண்ணன் நாலாவது பத்தியைப் பார்த்தானா என்று தெரியவில்லை. பார்த்திருந்தால் கேட்டிருப்பான்.

அக்டோபர் 15, புதன்

மழை இல்லை. மேகம் மட்டும். அழகர்சாமி நாலு தடவை ஃபோன் செய்துவிட்டார். கடைசித் தடவை அண்ணன் எடுக்கவில்லை. அது அடித்து முடிக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அக்டோபர் 16, வியாழன்

இன்று புதிதாக இரண்டு சேர்த்தேன். ஒன்று பேட்டரியில் ஓடுவது. அண்ணன் சிரித்தான். “காட்டுல எங்க சார்ஜ் போடுறது, மரத்துலயா?”

எடை என்பதைக் காகிதத்தில் பார்த்து என்ன தெரியும், தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அண்ணியே ஒரு யோசனை சொன்னாள். அரிசியை எடை பார்த்துப் பையில் கட்டினோம். ஆரஞ்சுக்கு ஏழு கிலோ. அண்ணன் இரண்டு கையாலும் பையைப் பிடித்து, மரத்தின் முன் நிற்பதுபோல் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான். நான் எண்ணினேன். நாற்பது வரைக்கும் ஒன்றுமில்லை. அவன் அண்ணியிடம் ஏதோ பேச முகத்தைத் திருப்பினான். பை வலது கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. அவன் பேசிக்கொண்டே இருந்தான். பை தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் குனிந்து பார்த்தான்.

“பை வழுக்குது” என்றான்.

அது சாக்குப் பை. வழுக்காது.

அவன் வெளியே போன பிறகு அண்ணி சிதறிய அரிசியைக் கூட்டி, முறத்தில் அள்ளி, கல் பொறுக்கினாள். பிறகு சிவப்பின் எடைக்கு ஒரு பையைக் கட்டித் தானும் நீட்டிப் பிடித்தாள்.

“எண்ணு அரசி” என்று என்னைக் கூப்பிட்டாள்.

“எதுக்கு அண்ணி?”

“சும்மா. எண்ணேன்.”

நூற்றிருபதில் எனக்குத்தான் அலுத்துப்போயிற்று.

அக்டோபர் 17, வெள்ளி

‘மரத்துப்போச்சு’ என்கிறோம். அகராதியை எடுத்துப் பார்த்தேன். மரத்தல்: உணர்ச்சியற்றுப் போதல். எத்தனையோ தடவை வகுப்பில் சொன்ன சொல். இதற்குள் மரம் நிற்பது இன்றுதான் கண்ணில் பட்டது.

ஆடி மாதத்திலிருந்தே அண்ணன் பொத்தான் வைத்த சட்டை போடுவதில்லை, பனியன்தான். அந்த மருந்து மூடியை விரலில் பிடித்து அளக்க வரவில்லை என்றுதான் பெட்ரோல் கலக்கும் வேலையே என்னிடம் வந்தது. “உன் கை அளவு சரியா இருக்கும் பாப்பா” என்று சொல்லிக் கொடுத்தான். போன மாதம் சுடச்சுட டீ டம்ளரை எடுத்து ஊர்க்கதை பேசிக்கொண்டே முழுவதும் குடித்தான். மறுநாள் இரண்டு விரலில் கொப்புளம். அடுப்படியில் சுட்டுக்கொண்டேன் என்று அண்ணியிடம் சொன்னான். அவன் அடுப்படிக்குள் வந்து எனக்கு நினைவில்லை.

வேறொன்றும் பார்த்தேன். அதை இன்று எழுதவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடியும்போதே அண்ணன் கறிக்கடை வரிசைக்குப் போய்விட்டு, தூறலில் வண்டி ஓட்டித் திரும்பினான். பையை வாங்கும்போது அவன் விரல்களைப் பார்த்தேன். மூன்று விரல் நுனியில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளை. கையைத் தொடைக்கு அடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பத்து மணிக்கு அழகர்சாமி வந்தார். ஒரு கையில் இனிப்புப் பெட்டி. இன்னொரு கையில் மெஷின். மஞ்சள். பட்டியலில் நான் எழுதிய அதே வகை, ஆனால் ஐந்து வருடம் அடிபட்டது.

“முத்துவீரா, நீ புதுசு வாங்குறப்ப வாங்கிக்க. அதுவரைக்கும் இத வச்சு ஓட்டு. எனக்கு லாரிக்காரன் நாள் குடுத்துட்டான். புதன்கிழம காட்டுல நிக்கணும்.”

கைப்பிடிக்கு முன்னால் இருக்க வேண்டிய, தள்ளினால் செயினை நிறுத்தும் பிரேக் தகடு இல்லை. நான் கேட்டேன்.

“அது என்னமோ உடஞ்சு போச்சும்மா. அது இல்லாம அறுக்காதா? அண்ணனுக்குப் பழக்கம்தான?”

“பழக்கம்தான்” என்றான் அண்ணன்.

நான் அந்த நல்ல மெஷினைக் கெடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கெட்ட மெஷின் வீட்டுக்குள் வந்திருக்காது.

எழுதிவிட்டேன். இந்த வரியை அடிக்கப்போவதில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

மறக்கவில்லை. ஊற்றவில்லை.

அக்டோபர் ஒன்பதாம் தேதி காட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அண்ணன் ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினான். மெஷினைக் கீழே தொங்கவிட்டபடி என்னைப் பார்த்துச் சிரித்தான். செயின் சுற்றிக்கொண்டிருந்தது. விசையை விட்டால் செயின் நிற்க வேண்டும். அவன் விரல் விசையை விடவில்லை. விட்டுவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் முழங்காலுக்கும் செயினுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. பிறகு எப்படியோ நின்றது. “என்ன கொழம்பு?” என்று கேட்டான்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன சொல்வான் என்று தெரியும். “உன்னப் படிக்க வச்சதே இந்த மெஷின்தான் பாப்பா.” அது உண்மை. அதனால் இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலையில், கேனில் பெட்ரோல் மட்டும் ஊற்றினேன். ஆயில் பாட்டிலைத் திறந்து, முகர்ந்து, அப்படியே திரும்ப மூடி வைத்தேன். மெஷின் நின்றால் அவனும் நிற்பான் என்று நினைத்தேன்.

அந்தப் பழியை அவன் எடுத்துக்கொண்டான். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, என்னைக் காப்பாற்றுவதற்காக. ஒன்பது நாளாக அதற்கு நன்றி சொல்வதுபோல் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மஞ்சளுக்குப் பெட்ரோல் கலக்கச் சொல்லியிருக்கிறான். இன்னொருவர் மெஷின். இதையும் கெடுத்தால் அவனுக்குத்தான் தலைகுனிவு. நாலு மூடி ஊற்றினேன். நடுவில் எண்ணிக்கை தப்பியதில் ஐந்தாயிருக்கலாம்.

அக்டோபர் 22, புதன்

வயிற்றுவலி என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டு அவர்களோடு காட்டுக்குப் போனேன்.

“உனக்கு என்னடி இங்க வேல?” என்றாள் அண்ணி.

“வேடிக்க பாக்க.”

“நல்லாப் பாரு. ஒரு பக்கமா நின்னு பாரு.”

மற்ற ஆட்கள் இருவர் தூரத்தில், லாரித் தடத்தில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணி பத்தடி தள்ளிக் குந்தியிருந்து பட்டை உரித்தாள். அவள் மரத்தைப் பார்க்கவே இல்லை. கத்தி தானாக ஓடியது. அவள் கண் அண்ணன் மேலேயே இருந்தது. இதை நான் இதற்கு முன் கவனித்ததில்லை.

மஞ்சள் மெஷின் கத்தியது. அதன் அதிர்வில் அண்ணனின் தோள்கூட ஆடியது. முதல் மரம் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. ஐந்தாவது, ஆறாவது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டாவது மரம் சாய்ந்ததும் அவன் வியர்வையைத் துடைக்க இடது கையை எடுத்தான். மெஷின் வலது கையில் தொங்கியது.

செயின் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, வெரல எடு!”

“என்னது?”

“வெரல எடு! வெரல எடு!”

“எடுத்துட்டேன்ல!” என்று அவன் என்னைப் பார்த்துக் கத்தினான். எரிச்சலோடு, உண்மை பேசுகிறவனின் குரலில். கத்திக்கொண்டே என் பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தான். கைலியின் ஓரம் செயினில் சுருண்டது. மெஷின் அவன் காலை நோக்கி இழுபட்டது.

நான் நகரவில்லை. இதையும் எழுதிவிட வேண்டும். நான் கத்தினேன், நகரவில்லை. அண்ணிதான் பின்னாலிருந்து வந்து, அவன் கைக்கு மேலே கையை நீட்டிக் கட்டைவிரலால் சுவிட்சைத் தள்ளினாள். தேடவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சத்தம் நின்றது. கைலி முழங்கால்வரை கிழிந்திருந்தது. காலில் கீறல்கூட இல்லை. அண்ணன் குனிந்து தன் வலது கையைப் பார்த்தான். யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். விரல் இன்னும் விசையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எடுத்தான்.

சாய்ந்த மரத்தின் மேல் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

“அன்னைக்கு நான் ஆயில் ஊத்தல” என்றேன். “மறக்கல. வேணும்னுதான்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஆயில் கலந்தா லேசாப் பச்சை இருக்கும். அன்னைக்குத் தண்ணியாட்டம் இருந்துச்சு. ஊத்துறப்பவே பாத்தேன். நீ மறக்கிறவ இல்லியே, என்னமோ பண்ணிருக்கான்னு தோணுச்சு.” கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினான். “புகையே வரல. சத்தம் கீச்சுன்னு ஏறுது. அப்ப நிறுத்திருந்தா மெஷின் பொழச்சிருக்கும்.”

“ஏன் நிறுத்தல?”

“அதுவா நின்னுச்சுன்னா நானும் நின்னுக்கலாம். என்னால முடியலன்னு வாயத் தொறந்து எப்புடிச் சொல்றது?” அண்ணியின் பக்கம் தலையை ஆட்டினான். “இவகிட்ட.”

“அப்ப பட்டியல்?”

“எதக் காட்டுனாலும் நொட்ட சொன்னேன்ல? நாள் போகட்டும்னுதான்.”

“நானும் நாள் போகட்டும்னுதான் தெனமும் ஒண்ணு ரெண்டு சேத்தேன்.”

அண்ணி கத்தியைத் தரையில் குத்தி நிறுத்தினாள். “நல்லாருக்கு. அண்ணனும் தங்கச்சியும் கூட்டுச் சேந்து மெஷினக் கொன்னுருக்கீங்க. என்னைய மட்டும் ஒக்கார வச்சு அரிசி பொறுக்க விட்டீங்க.”

அண்ணன் சிரித்தான். சிரிப்பு நடுவில் வேறாக மாறிற்று. அண்ணி அவன் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்த்தாள்.

“தெரியுதா?”

“நீ தேய்க்கிறது கண்ணுக்குத் தெரியுது” என்றான்.

அக்டோபர் 23, வியாழன்

புதுக்கோட்டையில் டாக்டரைப் பார்த்தோம். ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் சொன்ன பதில்களில் பாதி தவறு. இத்தனை வருட மெஷின் அதிர்வில் விரல் நரம்பு கெட்டிருக்கிறதாம். அதிரும் எந்தப் பொருளையும் இனித் தொடக்கூடாது. தொடாமல் இருந்தால் கொஞ்சம் திரும்பலாம். எவ்வளவு என்று சொல்ல முடியாதாம்.

அழகர்சாமியிடம் மஞ்சளைத் திருப்பிக் கொடுத்தான். என்னால் முடியாது என்று அண்ணனே வாய் திறந்து சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன்.

அக்டோபர் 25, சனி

இனி மெஷின் எதற்கு என்று பட்டியலைக் கிழிக்க எடுத்தேன். ஒரு வரியின் அடியில் பென்சில் கோடு இருந்தது. சிவப்பு, நாலு கிலோ இருநூறு.

“அண்ணி, இது நீங்க போட்டதா?”

“ஆமா. சிவப்பு எத்தன கிலோன்னு அன்னைக்கே கேட்டேன்ல. நீ பாட்டுக்கு உங்க அண்ணனுக்குன்னு நெனச்சுப் பதில் சொல்லிக்கிட்டு இருந்த.”

“அப்ப?”

“எனக்குடி.”

அவர்களுக்குள் நேற்றே பேசி முடித்திருக்கிறார்கள். ஆறு ஏக்கரில் பெரிய மரமெல்லாம் அண்ணன் சாய்த்தாயிற்று. மீதி இருப்பது தொடை அளவு மரம்தான். எது எந்தப் பக்கம் விழும் என்று அண்ணன் தள்ளி நின்று பார்த்துச் சொல்வான். அண்ணி அறுப்பாள். அழகர்சாமி ஒரு வாரம் தவணை கொடுத்திருக்கிறார், முனகிக்கொண்டே.

எனக்குப் பயமாக இருந்தது. சொன்னேன். இந்த முறை வாய் திறந்து சொன்னேன். அண்ணனுக்கு ஆனதுதானே உங்களுக்கும் ஆகும் என்றேன்.

“ஆகாமப் பாக்கத்தான் நீ ஒரு பத்தி எழுதி வச்சிருக்கியே. நாலாவதா. அதப் படி.”

படித்தேன். அதிர்வு குறைந்தது சிவப்புதான். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். கையுறை வேண்டும். மதியத்துக்கு மேல் தொடக்கூடாது. இவை மெஷின் பிடிக்கிற மற்றவர்களுக்கென்று டாக்டர் சொன்னது, அந்தப் பத்தியின் அடியிலேயே எழுதி வைத்திருந்தேன். விரல் நுனி வெளுத்தால் அன்றோடு மெஷின் பெட்டிக்குள் போகும் என்பது நான் சேர்த்தது. அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியதற்கு, “சத்தியம்” என்றாள்.

கடையில் சிவப்பை எடுத்து அண்ணனிடம் நீட்டினார் கடைக்காரர். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அவகிட்ட குடுங்க.”

“அக்கா, இது மிக்ஸி இல்லக்கா.”

“மிக்ஸின்னா அவருகிட்டயே குடுத்துருப்பேன். பிரேக்கு எது, காட்டுங்க.”

முன் தகட்டைத் தள்ளிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். பத்துத் தடவையாவது இருக்கும். அண்ணன் அவள் வலது கை விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 26, ஞாயிறு

நாளை காலை காட்டுக்கு. பெட்ரோல் கலக்க கேனை எடுத்தேன். இரண்டு பேரும் வந்து இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள்.

“சத்தமா எண்ணு” என்றாள் அண்ணி.

“என்மேல நம்பிக்க இல்லியா?”

“ஒரு மெஷின் போயிருக்கு. எண்ணு.”

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

மூடி போட்டுக் குலுக்கினேன். அண்ணன் கேனை என்னிடமிருந்து வாங்கினான், இரண்டு உள்ளங்கைகளாலும். வாசலுக்குப் போய் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தான்.

“பச்சை இருக்கு” என்றான்.